பிழை பொறுத்தலும் மறுமொழியும்: யாழ்ப்பாணப் பேச்சுவழக்குக் குறித்த ஒரு சமுதாய நோக்கு

பிழை செய்தவர் வருத்தந் தெரிவிக்கும்போது கேட்பவர் கூறும் மறுமொழி மிகச் சிறியது. பெரும்பாலும் ஓரிரு சொற்களில் முடிந்துவிடுவது. அதனாலேயே அது ஆய்வாளர் கவனத்தை அதிகம் ஈர்க்கவில்லை. ஆயினும், மறுமொழி கிடைக்காத வருத்தம் முற்றுப்பெறாத வருத்தமாகும். குலைந்த உறவைச் சீராக்கும் இத்தகைய உரையாடல்கள் இருவர் பங்கும் சேர்ந்தே நிறைவெய்துகின்றன என்பதை எர்விங் கொஃப்மன் 1971இல் வெளிவந்த தமது நூலில் விளக்கினார். யாழ்ப்பாணப் பேச்சுவழக்கில் இம்மறுமொழிகள் எவ்வாறு அமைகின்றன, அவற்றினூடே எத்தகைய சமுதாய உறவுகள் புலப்படுகின்றன என்பவற்றை நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் வழக்கை நோக்குவோம். பிந்தி வந்த ஒருவர், “அண்ணை, குறை நினையாதேங்கோ, பிந்திப் போச்சுது” என்கிறார். “அதுக்கென்ன தம்பி, இரும்” என்பது மறுமொழி. இரவல் வாங்கிய பாத்திரம் உடைந்துவிட்டதெனச் சொல்ல வந்த அயல்வீட்டுப் பெண்ணிடம், “இதிலை என்ன கிடக்கு பிள்ளை, விடும்” என்கிறார் மூதாட்டி. “ஒண்டுமில்லை”, “பாதகமில்லை”, “பரவாயில்லை” என்பனவும் வழங்குகின்றன. இவற்றுள் இறுதியாகக் கூறியது, கவலை எனப் பொருள்படும் ‘பர்வா’ என்னும் பாரசீகச் சொல் இந்துஸ்தானி வழியாகத் தமிழிற் கலந்ததன் விளைவாகும்.

இம்மறுமொழிகளுக்குள் ஒரு பொதுப்பண்பு உண்டு. இவற்றுள் எதுவும் ‘மன்னித்தேன்’ என்று கூறுவதில்லை. மன்னிப்புக் கேட்டவரிடம், “உம்மை மன்னிச்சிட்டன்” என்று ஒருவர் கூறுவாராயின், அது பணிவாக அன்றிச் செருக்காகவே ஒலிக்கும். ஏனெனில், மன்னிப்பவர் மேலும் மன்னிக்கப்படுபவர் கீழும் நிற்கும் நிலையை அது உறுதிசெய்துவிடுகிறது. “அதுக்கென்ன” என்பதோ பிழையையே இல்லாததாக்குகிறது. விடை வேண்டாத வினாவாக நின்று, தாழ்ந்து பேசியவரை மீண்டும் தம்மோடு சமநிலையில் இருத்துகிறது. பல வேளைகளில் இதனைத் தொடர்ந்து, “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்ற உபசாரமும் வரும். சொல்லால் நீக்கிய குறையைச் செயலாலும் நீக்கும் முறை இது.

இப்பண்பு தமிழுக்கு மட்டும் உரியதன்று. சிங்களத்தில் ‘கமக் நே’ என்பது ‘பாதகமில்லை’ என்னும் பொருளிலேயே வழங்குகிறது. ஐரோப்பாவின் நடுப்பகுதியிலே பேசப்படும் சுலோவாக்கிய மொழியில், மன்னிப்புக் கேட்டவரிடம் ‘நிச் ஸ நெஸ்தலோ’ என்பர். ‘ஒன்றும் நிகழவில்லை’ என்பது அதன் நேர்ப்பொருள். அம்மொழியிலும் மன்னிப்பு வேண்டும் வினை, கேட்கப்படுபவருக்குரிய மரியாதைக்கேற்ப ஒருமையாகவோ பன்மையாகவோ வரும். தொடர்பற்ற மொழிகள் ஒரே உத்தியைக் கையாளுதல், சிறு பிழைகளை அன்றாட வாழ்விலே மறைத்துவிடும் தேவை மனிதர்க்குப் பொதுவானது என்பதைக் காட்டுகிறது.

பொதுவான அத்தேவை நிறைவேற்றப்படும் வடிவம் பொதுவானதன்று. யாழ்ப்பாணத் தமிழில் நீ, நீர், நீங்கள் என்னும் மூன்று படிகள் பேச்சில் உயிருடன் உள்ளன. எனவே, “இரு”, “இரும்”, “இருங்கோ” என்ற மூன்றில் ஒன்றைத் தெரிந்தெடுக்காமல் மறுமொழியைத் தொடர இயலாது. முன்னிலைப் பெயர்களின் வழக்கை அதிகாரம், ஒருமைப்பாடு என்னும் இரு அச்சுகளில் பிரவுணும் கில்மனும் 1960இல் விளக்கினர். பின்னர் பெனலப்பி பிரவுண், ஸ்டீபன் லெவின்சன் ஆகியோர் தமது பணிவுக் கோட்பாட்டை உருவாக்கியபோது, கோயம்புத்தூர் மாவட்டக் கிராமமொன்றின் தமிழை முக்கிய சான்றுகளுள் ஒன்றாகக் கொண்டனர். யாழ்ப்பாணத்திலே சாதிக்கும் மொழிக்குமுள்ள தொடர்பைப் பேராசிரியர் சுசீந்திரராசா 1970களில் ஆராய்ந்துள்ளமையும் ஈண்டு நினைவுகூரத்தக்கது.

மொழி மேற்கட்டுமானத்தைச் சார்ந்ததன்று, எல்லா வர்க்கத்தினருக்கும் பொதுவானது என ஸ்டாலின் 1950இல் வாதிட்டார். இலக்கணத்தைப் பொறுத்தவரை இது பெரிதும் பொருந்தும். ஆனால், அவ்விலக்கணம் வழங்கும் வடிவங்களை எவர் எவரிடம் வழங்கலாம் என்பது பொதுவானதன்று. சொல்லுக்குள்ளேயே வர்க்கங்களின் மோதல் நிகழ்கிறது என 1929இல் வொலோசினோவ் காட்டியமை இவ்விடத்திற் பெரிதும் பயன்படுகிறது.

நிலவுடைமை வழிவந்த சாதியமைப்பில், ஒடுக்கப்பட்டோர் நிலவுடைமையாளரை ‘நயினார்’, ‘நாச்சியார்’ என விளித்தனர். அவர்களோ ‘நீ’ என்றும் ‘அடா’ என்றும் விளிக்கப்பட்டனர். இத்தகைய உறவில் வருத்தம் கீழிருந்து மேல்நோக்கி மட்டுமே செல்லும். “சரி சரி, போ” என்பது அதற்குரிய மறுமொழி. அது பணிவன்று, உத்தரவு. மேலிருந்து கீழ்நோக்கி வருத்தம் வராதபோது, “அதுக்கென்ன” என்று பெருந்தன்மையோடு கூறும் வாய்ப்பே ஒடுக்கப்பட்டவருக்கு இல்லாமற் போகிறது. பிறர் பிழையைப் பொறுப்பதும் ஓர் உரிமையே. அவ்வுரிமை உடைமையைப் போலவே சமமின்றிப் பங்கிடப்பட்டிருந்தது. கே. டானியலின் ‘பஞ்சமர்’ (1972) அவ்வுலகின் உறவுகளை இலக்கியமாக்கியது.

இந்நிலை தானாக மாறவில்லை. 1957ஆம் ஆண்டின் சமூகக் குறைபாடுகள் தடுப்புச் சட்டம், தேநீர்க்கடைப் பிரவேசப் போராட்டங்கள், 1966 ஒக்ரோபர் 21ஆந் திகதி சுன்னாகத்தில் தொடங்கிய ஊர்வலம், 1968இல் மாவிட்டபுரத்தில் நிகழ்ந்த ஆலயப் பிரவேசப் போராட்டம் ஆகியன விளிச்சொற்களையும் அசைத்தன. ஒரே கோப்பையில் தேநீர் அருந்த இயலாதவரிடம், “தேத்தண்ணி குடிச்சிட்டுப் போங்கோ” என்னும் உபசாரம் எவ்வாறு பொருள்படும்? கடைக்கதவு திறந்த பின்னரே அத்தொடர் எல்லோருக்கும் உரியதாகும் வாய்ப்புப் பிறந்தது. பணிவுச்சொல்லின் வரலாற்றை அகராதியில் மட்டுமன்றி, இத்தகைய இடங்களிலும் தேடவேண்டும்.

“ஒண்டுமில்லை” என்னும் மறுமொழிக்கு ஓர் எல்லை உண்டு என்பதையும் குறிப்பிடல் வேண்டும். உடைந்த பாத்திரத்துக்கு அது பொருந்தும், பெருந்தீங்குக்குப் பொருந்தாது. 1981 ஜூன் மாதத் தொடக்கத்தில் யாழ்ப்பாணப் பொதுநூலகம் ஏறக்குறைய 97,000 நூல்களுடன் எரிக்கப்பட்டது. அதற்காக 2016 டிசம்பரில் அப்போதைய பிரதமர் ரணில் விக்கிரமசிங்க பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். இத்தகைய கோரிக்கைக்குப் “பரவாயில்லை” எனப் பதிலிறுப்பது பணிவாகாது, நிகழ்ந்ததை நிகழாததாக்குவதாகும். எரிந்த ஏடுகள் திரும்பி வருவதில்லை.

நமது பேச்சுவழக்கு இதற்கும் ஒரு தொடரை வைத்திருக்கிறது. கடும் பிணக்கு ஒன்று தீரும்போது பெரியவர்கள், “நடந்தது நடந்து போச்சுது, இனி நடக்கப்படாது” என்பர். இதில் பிழை மறுக்கப்படவில்லை, ஏற்கப்படுகிறது. உறவும் முறிக்கப்படவில்லை, எதிர்காலம் பற்றிய நிபந்தனையோடு தொடர்கிறது. அந்நிபந்தனையை விதிக்கும் துணிவு சமநிலையிலிருந்தே பிறக்கும்.

எனவே, யாழ்ப்பாணத் தமிழைப் பயில்வோர்க்கும் பயிற்றுவோர்க்கும் இரு செய்திகளைக் கூறலாம். சிறு பிழைக்கு “அதுக்கென்ன” என்பதே மிகப் பணிவான மறுமொழி. மன்னித்ததாகச் சொல்லுதல் தவிர்க்கத்தக்கது. அதனைத் தொடரும் வினைமுற்று எதுவாக இருக்கவேண்டும் என்பதில், அகவையும் பழக்கமும் கருதப்படலாம், பிறப்புக் கருதப்படலாகாது. எல்லோரும் எல்லோரிடமும் பிழை பொறுக்குமாறு கேட்கவும், எல்லோரும் தயக்கமின்றிப் பொறுக்கவும் இயலும் சமுதாயத்திலேயே பணிவு உண்மையான பண்பாடாகும்.