பிரெஞ்சு படிச்சாச்சு, காதில் மட்டும் ஏறலையா? பாட்காஸ்ட் எங்கே உதவும், எங்கே உதவாது

கிழக்கேகோட்டையில் பஸ் ஏறி கழக்கூட்டம் டெக்னோபார்க்குக்கு வேலைக்குப் போகிறவர் என்றால், போக வர ஒன்றரை மணி நேரம் பஸ்ஸிலேயே போய்விடும். மாதம் 22 வேலை நாள் என்று வைத்துக்கொண்டால் 33 மணி நேரம். ஆறு மாதத்தில் 198 மணி நேரம். அந்த நேரமெல்லாம் காதில் பிரெஞ்சு பாட்காஸ்ட் ஓடினால் மொழி தானாக வந்துவிடும் என்று சொல்கிறவர்கள் யூடியூபில் நிறைய பேர். பெருக்கல் சரிதான். ஆனால் மொழி அப்படி வருவதில்லை.

பிரெஞ்சில் ஓரளவு தேறி, அதற்கு மேல் நகராமல் நிற்பவர்களுக்கான கட்டுரை இது. ப்ளஸ் டூவில் மார்க்குக்காக பிரெஞ்சு எடுத்தவர்கள், பிறகு பி1 வகுப்பு வரை முடித்தவர்கள். பத்தியைக் கொடுத்தால் படித்துப் புரிந்துகொள்வார்கள். அதே பத்தியை ரேடியோவில் ஒருவர் வாசித்தால், "இது பிரெஞ்சு தானா?" என்று முழிப்பார்கள்.

ஏன் திடீரென்று இவ்வளவு ஆர்வம்?

பெரும்பாலும் கனடா. அந்த நாட்டின் எக்ஸ்பிரஸ் என்ட்ரி குடியேற்ற முறையில், 2023 முதல் பிரெஞ்சு தெரிந்தவர்களுக்கென்று தனிச் சுற்றுகள் நடக்கின்றன. 2024 பிப்ரவரி 28-ம் தேதி நடந்த பொதுச் சுற்றில் அழைப்பு பெறத் தேவைப்பட்ட மதிப்பெண் 534. மறுநாள், பிப்ரவரி 29-ம் தேதி நடந்த பிரெஞ்சு சுற்றில் 336 போதுமாக இருந்தது. அன்று 2,500 பேர் அழைக்கப்பட்டார்கள். கட்-ஆஃப் ஒவ்வொரு சுற்றிலும் மாறும், எனவே 336-ஐ நம்பித் திட்டம் போட வேண்டாம். ஆனாலும் இடைவெளி எவ்வளவு பெரியது என்பது தெரிகிறது.

இதற்குத் தேவை கேட்டல், வாசித்தல், பேசுதல், எழுதுதல் நான்கிலும் என்.சி.எல்.சி. 7. பலர் சறுக்குவது கேட்டலில். டி.சி.எஃப். கனடா தேர்வில் கேட்டலுக்கு 35 நிமிடம், 39 கேள்விகள். ஒலிப்பதிவு ஒரே ஒரு முறைதான் ஓடும். 699-க்கு 458 எடுத்தால்தான் 7-ம் நிலை. அதாவது பி1 போதாது, நல்ல பி2 வேண்டும்.

படித்தது ஏன் காதில் விழுவதில்லை?

தமிழர்களுக்கு இதை விளக்குவது சுலபம். புத்தகத்தில் "வந்துகொண்டிருக்கிறேன்" என்று படித்த ஒருவர், தெருவில் "வந்துட்ருக்கேன்" என்று கேட்டால் எப்படித் தடுமாறுவார்? பிரெஞ்சும் அப்படித்தான். "எனக்குத் தெரியாது" என்பதற்கு வகுப்பில் சொல்லித்தருவது "ஜ ந சே பா". பாரிஸில் காதில் விழுவது "ஷே பா". எதிர்மறைக்கான அந்த "ந" பேச்சில் பெரும்பாலும் காணாமல் போய்விடும்.

இன்னொரு சிக்கல் நமக்கே உரியது. தமிழ்க் காது வினைச்சொல்லின் வாலைக் கேட்டுப் பழகியது. பேசினான், பேசினாள், பேசினார்கள்: யார் என்பது கடைசியில் தெரிந்துவிடும். பிரெஞ்சில் வினையின் வால் எழுத்தில் மாறினாலும் உச்சரிப்பில் பெரும்பாலும் மாறாது. "அவன் பேசுகிறான்", "அவர்கள் பேசுகிறார்கள்" இரண்டும் "இல் பார்ல்" தான். "அவன் நேசிக்கிறான்" என்றால் "இல் எம்". "அவர்கள் நேசிக்கிறார்கள்" என்றால் நடுவில் இசட் போல ஓர் ஒலி ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் வித்தியாசம். ஒருவரா பலரா என்பதை அந்த ஒற்றை ஒலி சொல்லிவிட்டுப் போய்விடும்.

கிழக்கேகோட்டையை அடுத்த சாலை கடைத்தெருவில் வியாபாரம் செய்யும் தமிழர்களுக்கு இந்த வித்தை தெரியும். மலையாளத்திலும் வினைக்கு ஆள் விகுதி கிடையாது. "ஞான் போயி", "அவன் போயி", "அவர் போயி" எல்லாமே "போயி". போனது யார் என்பதை வாக்கியத்தின் தொடக்கத்திலோ பேச்சின் சூழலிலோ பிடிக்க வேண்டும். நாகர்கோவில் பக்கமிருந்து வந்து மலையாளத்தைக் காதாலேயே கற்றவர்கள், கவனத்தை வாலிலிருந்து தலைக்கு மாற்றிக்கொண்டவர்கள்தான். பிரெஞ்சுக்கும் அதே பயிற்சி தேவை. ஒரு வசதியை மட்டும் மறக்கக் கூடாது: கடைத்தெருவில் புரியாவிட்டால் எதிரே நிற்பவர் திருப்பிச் சொல்வார், கையைக் காட்டுவார். பாட்காஸ்ட் அதைச் செய்யாது.

எவ்வளவு புரிந்தால் பயன்?

இங்கேதான் அந்த 198 மணி நேரக் கணக்கு உடைகிறது. ஒருவர் நிமிடத்துக்கு 160 சொற்கள் பேசுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அதில் 90% உங்களுக்குத் தெரியும் என்றால் கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் தெரியாத சொற்கள் நிமிடத்துக்கு 16, அதாவது நான்கு விநாடிக்கு ஒன்று. ஒன்றை யோசித்து முடிப்பதற்குள் அடுத்தது வந்துவிடும். 95% என்றால் நிமிடத்துக்கு 8. 98% என்றால் மூன்று.

இரண்டாம் மொழி ஆய்வாளர்களின் முடிவுகளும் இந்த எல்லையைத்தான் காட்டுகின்றன. துணையில்லாமல் கதை வாசிக்க 98% சொற்கள் தெரிந்திருக்க வேண்டும் என்று 2000-ல் ஹூவும் பால் நேஷனும் கணித்தார்கள். அன்றாடக் கதைகளைக் கேட்டுப் புரிந்துகொள்ள 95% அளவே போதும் என்று 2013-ல் வான் ஸீலாண்டும் ஷ்மிட்டும் காட்டினார்கள். அதற்குக் கீழே போனால் ஓடுவது பின்னணி இசை மாதிரிதான். பஸ் இரைச்சலோடு அதுவும் ஒரு இரைச்சல்.

அப்போ எதைக் கேட்பது?

முதல் தேர்வு ஆர்.எஃப்.ஐ. வானொலியின் "ஜுர்னால் ஆன் பிரான்சே ஃபசில்". தினமும் பத்து நிமிடச் செய்தி, எளிய விளக்கத்தோடு, எழுத்து வடிவத்தோடு, இலவசமாக. காலையில் தமிழிலோ மலையாளத்திலோ படித்த உலகச் செய்தியே அங்கும் வரும் என்பதால் பாதி வேலை முடிந்துவிடும். செய்தி அலுப்பூட்டினால் ஹுகோ கோட்டோனின் "இன்னர்பிரெஞ்ச்". இடைநிலைக் கற்போருக்காகவே நிதானமாகப் பேசப்படுவது, இதற்கும் எழுத்து வடிவம் உண்டு. டி.வி.5 மோந்தின் கற்றல் தளத்தில் செய்தி வீடியோக்களும் பயிற்சிகளும் நிலைவாரியாக உள்ளன.

பிரான்ஸ் இன்டர், பிரான்ஸ் குல்ச்சூர் போன்றவை பிரெஞ்சுக்காரர்களுக்காகவே நடக்கும் வானொலிகள். அங்கே பிறகு போகலாம். கனடா போகிறவர்கள் ராதியோ-கனடாவின் "ஓடியோ" செயலியையும் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்துக்கொள்ளுங்கள். கியூபெக்கில் "நீ" என்பதற்கான "ட்யூ" கூட "ட்ஸ்யூ" ஆகிவிடும். விமான நிலையத்தில் இறங்கி அதிர்ச்சியடைவதைவிட இப்போதே பழகுவது மேல்.

சீரியல் பார்ப்பவர்களுக்கு: பிரெஞ்சில் டப் செய்த ஆங்கிலத் தொடர் வேண்டாம். டப்பிங்கும் சப்டைட்டிலும் பல நேரம் தனித்தனியாக மொழிபெயர்க்கப்படுவதால் காதில் ஒன்று கேட்கும், திரையில் வேறொன்று ஓடும். "லூபின்" மாதிரி பிரெஞ்சிலேயே எடுத்த தொடரை பிரெஞ்சு சப்டைட்டிலோடு பாருங்கள். தமிழ், ஆங்கில சப்டைட்டில் போட்டால் கண் படிக்கும், காது தூங்கிவிடும்.

கேட்கும் முறை

பஸ்ஸில் பத்து நிமிட நிகழ்ச்சியை எழுத்து இல்லாமல் ஒருமுறை முழுசா கேளுங்கள். வீட்டுக்கு வந்ததும் அதில் புரியாத ஒரே ஒரு நிமிடத்தை எடுத்து, நிறுத்தி நிறுத்தி நோட்டில் எழுதுங்கள். பிறகு எழுத்து வடிவத்தோடு ஒப்பிடுங்கள். விட்டுப்போன சொற்களில் பல உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவையாகத்தான் இருக்கும். பக்கத்துச் சொல்லோடு ஒட்டியதால் அடையாளம் தெரியாமல் போயிருக்கும். அந்த ஒட்டலைக் கண்டுபிடிக்கத்தான் இந்த வேலை. மறுநாள் அதே பத்து நிமிடத்தை பஸ்ஸில் திரும்பக் கேளுங்கள். வேகத்தை 0.75-க்குக் குறைப்பது முதல் வாரத்துக்குச் சரி. அதையே வழக்கமாக்கினால் தேர்வு அறையில் யாரும் உங்களுக்காக மெதுவாகப் பேசப்போவதில்லை.

பேச்சுக்கும் எழுத்துக்கும் இது மாற்று இல்லை. நான்கில் ஒன்றில் 6 வந்தாலும் பிரெஞ்சு சுற்றுக்குத் தகுதி போய்விடும். பேசிப் பழக ஆள் வேண்டும், எழுதியதைத் திருத்த ஆசிரியர் வேண்டும். திருவனந்தபுரத்தில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது. தமிழ்நாட்டுக்காரர்களுக்கு சென்னையிலும், புதுச்சேரியிலும் உண்டு.

தேர்வுக்குப் பணம் கட்டுவதற்கு முன் ஒரு சோதனை செய்து பாருங்கள். முன்பு கேட்டிராத ஒரு ஆர்.எஃப்.ஐ. எளிய செய்தியை ஒரே முறை கேட்டுவிட்டு, என்ன நடந்தது, யாருக்கு, எங்கே என்று தமிழில் யாரிடமாவது சொல்லுங்கள். தொடர்ந்து ஐந்து நாள் தடங்கலில்லாமல் சொல்ல முடிந்தால் பிரான்ஸ் இன்டருக்குப் போகலாம். அங்கேயும் அப்படிச் சொல்ல முடிந்த பிறகு தேதி வாங்குங்கள். தேர்வு முடிவு செல்லுபடியாவது இரண்டே ஆண்டுகள்தான்.