‘லெஃப்ட்ல திரும்பு’ன்னா திரும்பிடுவீங்களா?

வேன் பேசியாச்சு. ஆளுக்கு இவ்வளவுன்னு பணமும் பிரிச்சாச்சு. ஈரோட்டில் ஏறி சத்தியமங்கலம், திம்பம் வழியா மைசூரு, அங்கேயிருந்து பந்திப்பூர் காட்டைத் தாண்டி கூடலூர், ஊட்டி, மேட்டுப்பாளையம், கோவைன்னு சுத்திட்டு மறுபடி ஈரோடு. ரூட் சூப்பர்! ‘வழி தெரியுமாடா?’ன்னு யாராவது கேட்டா, ‘அதான் போன்ல மேப் இருக்குல்ல’ன்னு பதில் ரெடியா வரும்.

இருக்கு ஃப்ரெண்ட்ஸ். ஆனா எந்த மேப்? அதுக்கு உங்க வண்டியைப் பத்தி என்ன தெரியும்?

2024 ஜனவரியில் நடந்த விஷயம் இது. ஊட்டியைச் சுத்திப் பார்த்துட்டு கர்நாடகாவுக்குத் திரும்பிய ஒரு நண்பர்கள் கூட்டம், கூடலூரில் மேப் காட்டிய பாதையிலேயே காரை விட்டது. பாதை முடிந்த இடத்தில் ரோடு இல்லை, படிக்கட்டு! கார் பாதிப் படியில் நின்றது. அக்கம்பக்கத்து ஜனங்களும் போலீஸும் சேர்ந்து வண்டியை மீட்டாங்க. நல்ல வேளை, யாருக்கும் ஒண்ணும் ஆகலை.

எல்லாருக்கும் அந்த நல்ல வேளை அமையறதில்லை. அதே 2024 நவம்பரில், உத்தரப்பிரதேசத்தில் பரேலி பக்கம் ராம்கங்கா ஆத்துப் பாலத்தில் ஏறிய கார் ஒன்று கீழே விழுந்து மூணு பேர் இறந்து போனாங்க. பாலத்தின் ஒரு பகுதியை முன்பே வெள்ளம் அடிச்சுட்டுப் போயிருந்தது. அந்தச் சேதி மேப்புக்குப் போய்ச் சேரவில்லை. ரோட்டை மறிச்சு ஒரு தடுப்புச் சுவரும் இல்லை.

ஆக, ‘எந்த ஆப் பெஸ்ட்?’னு கேட்கறதுக்கு முன்னாடி மூணு கேள்வி கேட்டுக்கணும்.

கேள்வி 1: உங்க வண்டி என்னன்னு அதுக்குத் தெரியுமா?

வெளிநாட்டில் வீட்டையே வண்டியில் கட்டிக்கிட்டு ஊர் சுத்துவாங்க. கேரவன்னு நாம சினிமா ஷூட்டிங்கில் பார்க்கிறோமே, அதேதான். பக்கத்து கேரளாவில் 2021-ல் அரசாங்கமே கேரவன் சுற்றுலான்னு ஒரு திட்டத்தைத் தொடங்கியது. இந்த மாதிரி வண்டிகளுக்குன்னே கார்மின் போன்ற கம்பெனிகள் தனி ஜி.பி.எஸ். கருவி விக்கிறாங்க. அதில் வண்டியோட உயரம், நீளம், எடை எல்லாத்தையும் முதலிலேயே பதிஞ்சு வைக்கலாம். தாழ்வான பாலம், எடை தாங்காத பாலம் பத்தின விவரம் அந்த மேப்பில் இருந்தால், அதைத் தவிர்த்து வேற வழி சொல்லும்.

‘இதெல்லாம் நமக்கெதுக்குப்பா?’ன்னு நினைக்காதீங்க. கேரவன் வாழ்க்கைன்னா என்னன்னு நம்ம திருச்செங்கோடு போர்வெல் வண்டிக்காரங்களைக் கேட்டுப் பாருங்க. ரிக் வண்டியும் சப்போர்ட் லாரியும் ஜோடி போட்டுக்கிட்டு வட மாநிலங்கள் வரைக்கும் கிளம்பினால், ஊர் திரும்ப மாசக்கணக்கில் ஆகும். சமையல், தூக்கம் எல்லாம் வண்டியோடுதான். கரூரில் பஸ்ஸுக்கும் நாமக்கல்லில் லாரிக்கும் பாடி கட்டுறாங்க. வெறும் சேஸிஸாக வர்ற வண்டிக்கு எவ்வளவு உயரம்ங்கிறது பாடி கட்டின பிறகுதான் முடிவாகும். அதனால் தன் வண்டியோட உயரம் டிரைவர் அண்ணனுக்கு அத்துப்படி. உங்க போனுக்கு?

கூகுள் மேப்ஸில் கார், பைக் என்று தேர்ந்தெடுக்கலாம். டூ வீலர் வழி 2017 டிசம்பரிலேயே இந்தியாவுக்கு வந்துவிட்டது. ஆனா ‘நான் 20 பேரோட வேன்ல வர்றேன், மேலே கேரியர்ல பெட்டி கட்டியிருக்கேன்’னு சொல்ல அதில் இடமே கிடையாது. அதோட கணக்கில் நீங்க ஒரு கார், அவ்வளவுதான். 2024 ஜூலையில் கோவை உட்பட எட்டு நகரங்களில் குறுகலான ரோட்டைத் தவிர்க்கிற வசதியைக் கொண்டு வந்தாங்க. நல்ல விஷயம். ஆனா கார் நுழையற சந்து எல்லாத்திலும் வேன் நுழைஞ்சு திரும்பிடுமா?

ஈரோட்டு ஆளுங்களுக்கு கொல்லம்பாளையம் ரயில்வே நுழைவுப்பாலம் தெரியும். பெரிய வண்டின்னா உயரத்தை யோசிக்கணும், மழைன்னா தண்ணி நிக்கிறதை யோசிக்கணும். வெளியூர் மேப்புக்கு அது சும்மா ஒரு கோடு!

இதுக்கு இலவசமாவே ஒரு வழி இருக்கு. ஓஸ்ம்ஆண்ட் என்கிற ஆப்பில் வண்டியோட உயரம், அகலம், எடையைப் பதியலாம். அது எடுத்துக்கிறது ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பை. 2004-ல் தொடங்கி, உலகம் முழுக்க ஆர்வலர்கள் கைப்பட வரைஞ்சு வளர்க்கிற வரைபடம் அது. ஒரே சிக்கல்: பாலத்தோட உயரத்தை யாராவது அதில் ஏத்தியிருந்தாத்தான் ஆப்புக்குத் தெரியும்.

கேள்வி 2: டவர் இல்லேன்னா என்ன ஆகும்?

‘நெட் இல்லேன்னா ஜி.பி.எஸ். வேலை செய்யாது’ன்னு நம்மில் பாதிப் பேர் நம்பிக்கிட்டிருக்கோம். தப்பு! சுமார் 20,200 கி.மீ. உயரத்தில் சுத்துகிற செயற்கைக்கோள்களின் சிக்னலை உங்க போன் நேரடியா வாங்குது. நாலு செயற்கைக்கோள் கண்ணில் பட்டால் போதும், நீங்க எங்கே நிக்கிறீங்கன்னு கணக்குப் போட்டுடும். 2000 மே மாதம் வரைக்கும் அமெரிக்கா பொதுமக்களுக்கான சிக்னலில் வேணும்னே பிழை கலந்து வச்சிருந்தது. அதை எடுத்த பிறகுதான், திறந்த வெளியில் சில மீட்டர் துல்லியத்தில் இன்னைக்கு நம்ம போன் இடம் சொல்லுது.

அப்போ நெட் எதுக்கு? மேப் படத்தை இறக்கவும் டிராஃபிக் நிலவரம் வாங்கவும்தான். படம் ஏற்கெனவே போனில் இருந்தால் பர்கூர் மலையிலும் கடம்பூர் மலையிலும் டவர் போய்ப் போய் வந்தாலும் கவலையில்லை. கிளம்புற முதல் நாள் ராத்திரி, வைஃபை கிடைக்கிற இடத்தில் உட்கார்ந்து அந்தப் பகுதியை கூகுள் மேப்ஸில் ஆஃப்லைனாக இறக்கி வச்சுக்குங்க. போன டூருக்கு இறக்கினதை நம்பாதீங்க, அதைப் புதுப்பிக்கணும். ஓஸ்ம்ஆண்ட், ஆர்கானிக் மேப்ஸ் இரண்டும் ஆஃப்லைனுக்காகவே செஞ்ச ஆப்கள். தனி ஜி.பி.எஸ். கருவியிலும் மேப் உள்ளேயே இருக்கும். ஆனா ஆஃப்லைனில் இருக்கும்போது முன்னாடி ஆக்சிடென்ட் ஆகி டிராஃபிக் நிக்கிறதை எதுவும் சொல்லாது.

இன்னொண்ணு. மலையில் ஒரு கொண்டை ஊசி வளைவுக்கு மேலேயே அடுத்த வளைவு இருக்கும். போன் சில நேரம் குழம்பும். கோவையில் 2025 அக்டோபரில் திறந்தாங்களே, உப்பிலிபாளையம் – கோல்டுவின்ஸ் ஜி.டி.நாயுடு மேம்பாலம்... 10.1 கி.மீ.! அங்கேயும் நீங்க பாலத்து மேலே இருக்கீங்களா, கீழே அவிநாசி ரோட்டில் இருக்கீங்களான்னு போன் தடுமாற வாய்ப்புண்டு. அந்த மாதிரி இடத்தில் போர்டுதான் குரு.

கேள்வி 3: ரோட்டோட சட்டம் அதுக்குத் தெரியுமா?

நம்ம டூர் ரூட்டையே எடுத்துக்குவோம். திம்பம் மலைப்பாதையில் 27 கொண்டை ஊசி வளைவு. அது சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்குள் போகிற ரோடு. உயர்நீதிமன்ற உத்தரவால் 2022 பிப்ரவரியிலிருந்து பண்ணாரி – காராப்பள்ளம் இடையே இரவுப் போக்குவரத்துக்குக் கட்டுப்பாடு இருக்கு. மைசூரிலிருந்து வர்ற வழியில் பந்திப்பூரிலும் 2009 முதல் இரவு 9 மணியிலிருந்து காலை 6 மணி வரை தடை. மைசூரு அரண்மனை லைட்டிங் பார்த்துட்டு ஒன்பதரைக்கு செக்போஸ்ட்டில் போய் நின்னா, விடிய விடிய கொசுக்கடிதான்.

இதே ரூட்டைத் திருப்பிப் போட்டு ஊட்டியிலிருந்து மைசூரு போறதா வச்சுக்குங்க. மேப் கல்லட்டி வழியைக் காட்டும். கூடலூரைச் சுத்தாமல் மசினகுடிக்கு நேரா இறங்கறதால் தூரம் ரொம்பக் குறைவு. 36 கொண்டை ஊசி வளைவு, செங்குத்தான இறக்கம். பிரேக் சூடாகி உயிர் போன விபத்துகள் அங்கே நிறைய நடந்திருக்கு. அதனால்தான் வெளியூர் வண்டிகளை அந்த வழியில் இறங்க விடறதில்லை. மேப்புக்குத் தெரிஞ்சது கிலோமீட்டர் மட்டும்தான்.

நீலகிரிக்குள் நுழைய 2024 மே 7 முதல் இ-பாஸ் வேற. கோடை சீசனில் குன்னூர் வழியா ஏறி, கோத்தகிரி வழியா இறங்குன்னு ஒருவழிப் பாதை போடுவாங்க. இதெல்லாம் சீசனுக்கு சீசன் மாறும். கிளம்பும் முன்னாடி அன்றைய விதியை விசாரிச்சே ஆகணும்.

மழைக்காலம்னா இன்னும் ஜாக்கிரதை. கடம்பூரிலிருந்து மாக்கம்பாளையம் போகிற பாதையில் குரும்பூர்ப்பள்ளம், சர்க்கரைப்பள்ளம்னு காட்டாறுகள் குறுக்கிடும். வெள்ளம் வந்து பஸ்ஸே போகாமல் நின்ற நாட்கள் எத்தனையோ. மேகம் எங்கே கறுத்திருக்குன்னு கண்ணால் பார்க்கிற உள்ளூர்க்காரர் சொல்றதைக் கேளுங்க.

சரி, எதை வாங்கறது?

வருஷத்துக்கு ரெண்டு டூர்னா காசு செலவே வேண்டாம். ஒரு ஆன்லைன் ஆப், ஒரு ஆஃப்லைன் ஆப், ரெண்டையும் வேற வேற போனில் வச்சுக்குங்க. டவர் இருக்கிற இடத்தில் டிராஃபிக் சொல்ல ஒண்ணு, இல்லாத இடத்தில் வழி சொல்ல ஒண்ணு. மேப்மைஇந்தியாவின் மேப்பிள்ஸ் ஆப்பையும் போட்டுப் பாருங்க. 1995-லிருந்து நம்ம நாட்டு ரோடுகளை வரைபடமாக்குற கம்பெனி அது. ரெண்டு ஆப்பும் ஒரே வழி சொன்னா நிம்மதி. வேற வேற சொன்னா, வண்டியை ஓரங்கட்டி டீக்கடையில் கேளுங்க.

தனிக் கருவி யாருக்கு? வண்டியையே தொழிலாகவோ வீடாகவோ வச்சு, மாசக்கணக்கில் ரோட்டில் இருக்கிறவங்களுக்கு. வாங்கும் முன்னாடி ரெண்டு விஷயம் கேளுங்க: இந்திய மேப் உள்ளே இருக்கா, அப்டேட் இலவசமா? மேப் இல்லாத கருவி வெறும் டப்பா.

போனை கண்ணாடிக்குப் பக்கத்தில் வெயிலில் மாட்டாதீங்க. நம்ம ஈரோட்டு ஏப்ரல் வெயிலுக்கு சூடேறி அதுவே அணைஞ்சுடும். சார்ஜர் கட்டாயம். 2020 அக்டோபரில் வந்த விதிப்படி, ஓட்டறவர் வழி பார்க்க மட்டும் போனைப் பயன்படுத்தலாம், அதுவும் கவனம் சிதறாத வரைக்கும்தான். அதைவிட, முன் சீட்டில் ஒருத்தரை ‘மேப் மாஸ்டர்’ ஆக்கிடுங்க. வழி பார்க்கறது, போர்டு படிக்கிறது, டிரைவர் அண்ணன்கிட்ட ‘இந்த ரோட்டில் நம்ம வண்டி போகுங்களாண்ணா?’ன்னு கேட்கறது, மூணும் அவர் டியூட்டி. அண்ணன் ‘வேண்டாம் தம்பி’ன்னா வேண்டாம். ஆப் காட்டற நேரமும் காருக்கானது. மலையேறும் வேனுக்கு அதுக்கு மேல சேர்த்தே கணக்குப் போடுங்க.

கடைசியா ஒரு வேலை இருக்கு, இது டூர் முடிஞ்ச பிறகு. மேப்பில் தப்பான வழி, மூடின ரோடு, படிக்கட்டில் முடியற தெரு எதைப் பார்த்தாலும் அன்னைக்கே ஆப்பில் புகார் பதியுங்க. உங்க ஊர் நுழைவுப்பாலத்தின் பக்கத்தில் உயர அளவு எழுதியிருக்கும். அதை ஓப்பன்ஸ்ட்ரீட்மேப்பில் ஏத்த அஞ்சு நிமிஷம்தான் ஆகும். நீங்க ஏத்தற அந்த ஒரு எண், என்னைக்கோ ஒரு ராத்திரி, ஊர் தெரியாத ஒரு வேனை பாலத்துக்கு முன்னாடியே வேற பக்கம் திருப்பி விடும்.