வெயிலில் வைக்கும் போத்தலும் வெயில் படக்கூடாத பொருட்களும்

கிணறு இறைத்துச் சுத்தமாக்கும்வரை, விறகுக்கும் தட்டுப்பாடான இடங்களில், குடிநீரைப் போத்தலில் நிரப்பி வெயிலில் வைத்துக் கிருமி நீக்கலாம். நிறமற்ற, 2 லீற்றருக்கு மேற்படாத பெற் போத்தலே இதற்கு ஏற்றது. தெளிந்த நீரை நிரப்பி, கூரைத் தகரத்தின் மேல் படுக்கையாக 6 மணித்தியாலம் வையுங்கள். வானம் பாதிக்கு மேல் மூடியிருந்தால் தொடர்ந்து 2 நாட்கள் வேண்டும். நீர் கலங்கலா என்று அறிய, நிரப்பிய போத்தலைப் பத்திரிகைத் தலைப்பின் மேல் நிறுத்தி வாய்ப்பக்கத்தால் பாருங்கள். எழுத்துத் தெரியாவிட்டால் முதலில் தெளியவிட்டு வடிக்க வேண்டும்.

கிருமியைச் செயலிழக்கச் செய்வது பெரும்பாலும் வெயிலிலுள்ள கழியூதாக் கதிர் (புற ஊதாக் கதிர் என்பதும் இதுவே). சூடு அதற்குத் துணை. ஆனால் அந்தக் கதிர் பிளாஸ்டிக்கையும் விட்டுவைப்பதில்லை. நாளடைவில் போத்தல் மங்கும். மணல் போட்டுக் கழுவினால் கீறலும் சேரும். மங்கிய போத்தலுக்குள் கதிர் குறைவாகவே போகும். அப்போது, ஆறு மணித்தியாலம் வைத்தோம் என்று நம்பிக் குடிக்கும் நீரில் கிருமி எஞ்சியிருக்கலாம். வயிற்றோட்டத்தால் கூடுதலாகப் பாதிக்கப்படுவது சிறுபிள்ளைகளே. ஆகவே தினமும் பாவிக்கும் போத்தலை ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாற்றுங்கள். கீறல் விழுந்தால் அதுவரை காத்திருக்க வேண்டாம். மண்ணெண்ணெய், கிருமிநாசினி இருந்த போத்தல் எக்காரணம் கொண்டும் கூடாது. உவர்த்தன்மையும் உரம் கலந்த மாசும் இம்முறையால் நீங்கா.

வீடு கட்டி முடியும்வரை தறப்பாள்தான் கூரை என்பதால் அதையும் கவனியுங்கள். கதிர் பட்டுப்பட்டு அது முறுகி, மடிப்பிலும் கயிறு கட்டிய கண்களிலும் முதலில் கிழியும். இழுத்துக் கட்டிய பிளாஸ்டிக் கயிறு கையில் தும்பாக உதிர்ந்தால், வடகீழ்ப் பருவமழைக்கு முன் மாற்றிவிடுங்கள். காற்றடிக்கும் இரவில் அது தாங்காது. தறப்பாளின் மேல் கிடுகு பரப்பினால் வெயிலும் தடுபடும், உள்ளே வெக்கையும் குறையும். கறுப்புப் பொலித்தீனில் சேர்த்துள்ள கரித்தூள் கதிரை உறிஞ்சுவதால் அது கூடிய காலம் உழைக்கும்.

மருந்திட்ட நுளம்பு வலையைக் கழுவினால் நிழலில் உலர்த்துங்கள். வெயிலில் காயப்போட்டால் வலை முழுதாகத் தெரியும், மருந்து மட்டும் அழிந்துவிடும். குளோரீன் இட்ட நீரும் அப்படித்தான்: திறந்த வாளியில் வெயில் பட்டால் குளோரீன் விரைவில் போய்விடும். மூடி, வீட்டுக்குள் வையுங்கள்.