தூரம் கீறிய முக்கோணம்

நல்லதண்ணியில் நடுச்சாமத்தில் ஏறத் தொடங்கினால், விடியும்போது சிவனொளிபாதமலை உச்சி. கூட்டம் முழுக்கக் கிழக்கே சூரியனைக் கும்பிடும்போது நீங்கள் மேற்கே திரும்பிப் பாருங்கள். பனிமூட்டத்தின் மேல், அடிமட்டம் வைத்துக் கீறியதுபோல ஒரு முக்கோண நிழல் கிடக்கும். மலை அவ்வளவு ஒழுங்கானதில்லை. ஏறி வந்த முழங்காலுக்கு அது தெரியும்.

காரணம் தூரம்தான். விடியற் சூரியன் தாழ்ந்து நிற்பதால் நிழல் பல கிலோமீட்டர் நீள்கிறது; கதிர்கள் ஏறக்குறைய இணையாக வருவதால் அதன் ஓரங்களும் இணையாகவே போகின்றன. ஹட்டன் ஸ்டேஷனில் நின்றால் தண்டவாளங்கள் எட்டத்தில் ஒன்றுசேர்வதுபோலத் தெரியுமே, அப்படியே நிழலின் இரு ஓரங்களும் ஒரு புள்ளியில் கூடுகின்றன. மலையின் மேடுபள்ளமெல்லாம் மறைந்து முக்கோணம் மட்டும் மிஞ்சுகிறது.

எஸ். எச். ரஸாவின் ஓவியங்களுக்குள் போக இதைவிட நல்ல வாசல் எனக்குக் கிடைக்கவில்லை. வட்டம், சதுரம், முக்கோணம்; கறுப்பு, சிவப்பு, மஞ்சள், நீலம். “இதில் என்ன இருக்கிறது?” என்று கேட்காதவர் குறைவு.

ரஸா 1922இல் மத்தியப் பிரதேசத்துக் காட்டுக் கிராமமொன்றில் பிறந்தார். தந்தைக்கு வனத்துறை வேலை. பள்ளியில் பையனின் மனம் ஓரிடத்தில் நிற்கவில்லை. ஆசிரியர் சுவரில் ஒரு புள்ளி வைத்து, அதையே பார்த்துக்கொண்டிரு என்றாராம். ரஸாவே பலமுறை சொன்ன கதை இது. 1947இல் பம்பாயில் சூசா, ஹுசைன் முதலியவர்களோடு முற்போக்கு ஓவியர் குழு, 1950இல் பாரிஸ். அங்கே வீடும் மரமும் தேவாலயமுமாக நிலக்காட்சிகள் வரைந்தார். வரைய வரைய வீட்டின் கோடுகள் கலைந்து, நிறம் மட்டும் நின்றது. முப்பது வருடம் கழித்து, 1980 வாக்கில், அந்தச் சுவர்ப்புள்ளி பெரிய கறுப்பு வட்டமாகத் திரும்பி வந்தது. அதைப் ‘பிந்து’ என்றார்.

அவருடைய படங்களில் மேல்நோக்கிய முக்கோணம் புருஷன், கீழ்நோக்கியது பிரகிருதி. கோயிலில் யந்திரத் தகடு பார்த்த நமக்கு இது அந்நியமில்லை. ஹாலந்தின் மொண்ட்ரியானும் மரத்தை வரைந்து வரைந்துதான் கட்டங்களுக்கு வந்து சேர்ந்தார். ஆனால் அவருடைய கட்டங்களில் மரத்தைத் தேடினால் கிடைக்காது. ரஸாவிடம் ஊர் மணக்கிறது என்பேன். 1983இல் வரைந்த ‘சௌராஷ்டிரா’ இரண்டு மீட்டர் சதுரம். பெயர் குஜராத்துப் பகுதியுடையது; படத்திலோ கோட்டையும் இல்லை, கடலும் இல்லை. அந்த வெயிலும் மண்ணும் நிறமாகக் கட்டங்களில் இறங்கியிருக்கின்றன. 2010இல் லண்டன் ஏலத்தில் அது 16 கோடி இந்திய ரூபாவைத் தாண்டியது. விலையைக் கேட்ட பிறகுதான் பலர் படத்தைப் பார்த்தார்கள், அது வேறு விஷயம்.

அறுபது வருடம் பிரான்ஸில் இருந்தவர் கடைசியில் டில்லிக்குத் திரும்பினார். 2016இல் இறந்தபோது, அவர் விருப்பப்படி மத்தியப் பிரதேசத்து மண்ட்லாவில் தந்தையின் கல்லறைக்குப் பக்கத்திலேயே அடக்கம் செய்தார்கள்.