சுவர்ணமுகி ஆறும் நீர்ப்பிடிப்புப் பாதுகாப்பும்

சுவர்ணமுகி ஆறு சித்தூர் பகுதிக் குன்றுகளில் தோன்றி, சந்திரகிரி, திருப்பதி, திருக்காளத்தி வழியாக வங்கக் கடலை அடைகிறது. ஆண்டின் பெரும்பகுதி மணற்பரப்பாகவே காட்சியளிக்கும் இவ்வாறு, 2021 நவம்பர் பெருமழையின்போது கரைபுரண்டது. திருப்பதி வீதிகளும் வெள்ளத்தில் மூழ்கின. வறட்சியும் வெள்ளமும் மாறிமாறி நேர்வதற்குப் பருவமழையின் இயல்பு ஒரு காரணம். நீர்ப்பிடிப்பு நிலத்தின் நிலை மற்றொரு காரணமாகும்.

மரமும் சருகும் மூடிய சரிவில் மழைநீர் மெல்ல மண்ணுள் இறங்கி, பின்னர் ஊற்றாகக் கசிந்து ஓடைகளை வாழவைக்கிறது. மொட்டைச் சரிவிலோ மண்ணை அரித்துக்கொண்டு விரைந்து ஓடிவிடுகிறது. அவ்வண்டல் ஏரிகளிலும் அணைகளிலும் படிந்து கொள்ளளவைக் குறைக்கிறது. 1977-இல் கட்டி முடிக்கப்பட்டு, திருப்பதிக்கும் திருமலைக்கும் குடிநீர் தரும் கல்யாணி அணைக்குச் சேஷாசலக் காடுகளே காப்பு. இம்மலைத்தொடர் 2010-இல் உயிர்க்கோளக் காப்பகமாக அறிவிக்கப்பட்டது.

ஓடையின் நலத்தை மாணவர்களும் ஆராய்ந்தறியலாம். கூழாங்கற்களின் அடியில் மேப்பூச்சியின் இளவுயிரிகள் பல காணப்பட்டால் நீரில் உயிர்வளி நிறைந்துள்ளது எனலாம். செந்நிறப் புழுக்களே மிகுந்திருப்பின் கழிவு கலந்திருக்கக்கூடும்.

அனுமந்த ராவ் குழுவின் 1994 அறிக்கையைத் தொடர்ந்து, ஏறத்தாழ 500 ஹெக்டேர் பரப்பை ஓர் அலகாகக் கொண்டு, மக்கள் பங்கேற்புடன் நீர்ப்பிடிப்பு மேம்பாட்டுப் பணிகள் 1995 முதல் நாடெங்கும் மேற்கொள்ளப்பட்டன. மேட்டில் தொடங்கிப் பள்ளத்தை நோக்கி வருவதே இப்பணியின் முறை. ஆயின் மேய்ச்சலையும் விறகையும் துறப்பவர் மேட்டு நிலத்தார். கிணற்றில் நீர் பெருகக் காண்பவர் பள்ளத்தார். பயனை இரு சாராரும் பகிர்ந்துகொள்ளும் ஏற்பாடு இல்லாவிடில், கட்டிய தடுப்பணையைப் பேணுவார் எவரும் இரார்.