வெள்ளைக் குட்டிக்குக் காது கேட்கிறதா?

கான்சாபுரம், ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் வட்டாரங்களில் மலையடிவாரத் தோப்புக்கு இரவுக் காவல் நாய்தான். இம்மண்ணுக்குரிய ராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் துறை 2005-ல் தபால்தலையே வெளியிட்டது. பால் வெள்ளை உடலும் இளஞ்சிவப்பு மூக்கும் உள்ள குட்டியைத்தான் எல்லோரும் தேடுகின்றனர். ஆனால் அந்த வெண்மையிலேயே ஒரு குறை மறைந்திருக்கலாம்.

தோலுக்கு நிறம் தரும் செல்கள் உட்காதுக்கும் தேவை. அங்கே அவை இல்லாத குட்டி, பிறந்த சில வாரங்களிலேயே செவிடாகிவிடும். செவிட்டு நாய் திருடனின் காலடியை எப்படி அறியும்?

கூடப்பிறந்த குட்டிகள் ஓடினால் செவிட்டுக் குட்டியும் பார்த்து ஓடும். குறை வெளியே தெரியாது. எனவே 6 வாரமான குட்டியைத் தனியே பிரித்து, அதன் கண்ணில் படாமல் பின்னால் நின்று தட்டில் ஒலி எழுப்பிப் பார்க்க வேண்டும். தரையைத் தட்டக்கூடாது; அதிர்வை உணர்ந்தே திரும்பிவிடும். ஒரு காது மட்டும் கேட்காவிட்டால் இந்தச் சோதனையில் தெரியாது.

செவிட்டு நாயை இனப்பெருக்கத்துக்கு விடக்கூடாது. நெருங்கிய உறவில் சேர்ப்பதையும் தவிர்க்க வேண்டும். அதற்காகச் செவிட்டுக் குட்டியைக் கைவிட வேண்டியதில்லை. கைச்சைகையால் பழக்கலாம், வேலிக்குள் வளர்ப்பது நலம். தூங்கும்போது திடீரெனத் தொட்டால் பயந்து கடித்துவிடும்.

எந்தக் குட்டியையும் 8 வாரம் தாயிடம் விட்டே வாங்க வேண்டும். இவ்வின நாய் ஒருவரிடமே ஒட்டிக்கொள்ளும்; ஆகவே வீட்டார் அனைவரும் மாறி மாறிச் சோறு வைப்பது நல்லது. நாள் முழுதும் கட்டிப்போட்டால் முரடாகும். மூன்றாம் மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பின் கால்நடை மருத்துவர் சொல்லும் காலத்தில் தவறாது தொடர வேண்டும்.

நிறம் பார்த்து வாங்கியது போதும். இனிக் காதையும் பார்த்து வாங்குவோம்.