சொம்புக்குள் எறும்பு ஓலை

மூன்று வயசுப் பிள்ளையின் விரலைப் பிடித்து 'ஏ, பி, சி, டி' எழுத வைக்கும் அம்மாக்களே, இதையும் செய்து பாருங்களேன். சாயங்காலமானால் தெருப் பொடிசுகள் ஐந்தாறு பேர் எங்கள் கொல்லையில் கூடிவிடுவார்கள். கொட்டாங்குச்சியில் மண் நிரப்பி வெந்தயம் தூவினால் மூணு நாளில் முளை எட்டிப் பார்க்கும். ஒருத்தன் தோட்டக்காரர், ஒருத்தி கீரைக்காரம்மா. புளியங்கொட்டைதான் காசு. எண்ணிக்கை தானாக வருகிறது. (கொட்டையை மூக்கில் போட்டுக்கொள்ளும் வயசு. பெரியவர் ஒருவர் பக்கத்திலேயே இருக்கணும்.)

பூவாளிக்குத்தான் தினமும் அடிதடி! வாயாடிகள் பிடுங்கிக்கொள்ள, கூச்ச சுபாவமுள்ள என் பேத்தி ஓரமாக நின்றுவிடுவாள்.

இதற்கு வழி எங்கள் ஊர் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரிலேயே இருக்கிறது. கி.பி. 919, 921-ஆம் ஆண்டுகளில் பராந்தக சோழன் காலத்தில் வெட்டிய கல்வெட்டு. தோட்டத்துக்கென்றே 12 பேர் கொண்ட 'தோட்ட வாரியம்' இருந்ததாம். பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்தில் போட்டு, விவரமறியாத ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். வாரியத்தில் இருந்தவர் மூன்று வருஷம் மறுபடி வர முடியாது.

எங்கள் வாண்டுகளுக்கு எழுத்து தெரியாதே! ஓலை நறுக்கில் ஆளுக்கொரு படம் போட்டேன். மயில், வெண்டைக்காய், எறும்பு என்று. குடத்துக்குப் பதில் சொம்பு. கடைக்குட்டிதான் எடுப்பான். எல்லாருக்கும் முறை வரும்வரை எடுத்த ஓலை திரும்ப உள்ளே போகாது.

மூணாம் நாள் எறும்பு வந்தது. பூவாளியை வாங்கிய பேத்தி, "தள்ளுங்க, செடிய மிதிக்காதீங்க!" என்று போட்டாளே ஓர் அதட்டல்! வாயாடிகளே இரண்டடி பின்வாங்கிவிட்டார்கள்.

– ஒரு வாசகி, உத்திரமேரூர்